கெண்டிப் பறவைகளும் ஐந்தாவது இலையும்

ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் மலாக்காவுக்குப் போனேன். காலையில் சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். கடைசியில் ஒரு வாரம் தங்கிப் பறவை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாக்கியம் இதுதான்: "உங்கள் அண்ணன் தேவராஜ் சயாமில் இறந்துவிட்டார், நான் பார்த்தேன்." கேட்க வேண்டியவள் அவன் தங்கை மீனாட்சி. வீடு காஜா பேராங்கில். தெருவும் வாசல் மாமரமும் எனக்கு மனப்பாடம். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதையில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து மூங்கில் பரணில் படுத்த ஒன்பது மாதமும் அவன் அந்த வீட்டைப் பற்றித்தான் பேசினான். வீட்டைவிட அதிகமாக அங்கே வரும் பறவைகளைப் பற்றிப் பேசினான்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். கோடியக்கரைப் பக்கம் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறி, மரம் சீவி, மண் வெட்டி, சண்டை முடிந்தபின் கப்பலில் சமையல் செய்து, எங்கேயும் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. சண்டை முடிந்த கையோடு ஒருமுறை மலாக்கா வந்தேன். ஆற்றுப் பாலம்வரை நடந்துபோய், அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இப்போது இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. இருப்பவர்கள் பதிந்துகொண்டு இருக்கலாம், போகிறவர்கள் போகலாம். நான் போகிறவன். மாதக் கடைசியில் பினாங்கிலிருந்து கப்பல். அதற்கு முன்னால் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

பஸ் நிலையத்தில் ஒரு பேச்சா கிடைத்தது. சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கை ஒட்டிய வண்டி அது. ஓட்டியவர் குருபோங் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த ஆறுமுகம். தெங்கேரா சாலையில் சங்கிலி கழன்றது. மாட்டினார். மறுபடி கழன்றது. மூன்றாவது முறை அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. முட்டி வாதம். நீங்க கொஞ்சம் மிதிங்க, நான் வழி சொல்றேன்."

அவரை இருக்கையில் வைத்து நான் மிதித்தேன். சாலையோரம் இருந்த சீனக் கடைக்காரர் ஒருவர் மணிச்சட்டக் கணக்கை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

"சிட்டி ஆளுங்க, அதான் மலாக்காச் செட்டிங்க, அவங்க வீட்டுக்கா போறீங்க? நல்ல ஜனம்," என்றார் ஆறுமுகம், சுகமாகச் சாய்ந்துகொண்டு. "சாமி நம்ம சாமி. திருநீறு, கோயிலு, பொங்கலு எல்லாம் நம்மளத விட ஒரு படி மேல. பேச்சு மட்டும் மலாய். நாநூறு அஞ்சூறு வருசமா இங்கயே இருக்காங்களாம். நானே தமிழ்ல கும்பிட்டா முருகன் என்னைய யாருன்னு கேப்பாரு போல."

மாவிலை கட்டிய வாசலில் மீனாட்சி நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்து, நெற்றியில் திருநீறு வைத்திருந்தாள். தேவராஜின் மூக்கு அப்படியே இருந்தது. வாக்கியம் தொண்டைக்கு வந்தது. அவள் மலாயில் கேட்டாள். அவர்கள் வீட்டு மலாயை நம் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன்.

"யாரைப் பார்க்கணும், அண்ணே?"

"மார்புச் சளி. கடற்காற்றில் நாலு நாள் இருக்கச் சொன்னாங்க. இங்கே ரூம் இருக்கும்னு…" என்றேன். அதோடு நிற்காமல், "பறவை பார்க்கவும் ஆசை," என்றும் சொல்லிவைத்தேன்.

ஆறுமுகம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மிதித்துக்கொண்டு வந்த ஆளுக்கு மார்புச் சளியா என்று அவர் கேட்கவில்லை, புண்ணியவான். மீனாட்சி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு பின்கட்டில் இருந்த அறையைத் திறந்துவிட்டாள்.

அன்று சோற்றுக்கு மீன் பிண்டாங் என்ற புளிக்குழம்பு, தேங்காய்ச் சம்பல். சாமி அறையில் சாம்பிராணி மணக்க, அடுப்படியில் பெலாச்சான் என்ற இறால் விழுது வறுபட்டது. முதல் கவளத்தில் ஊர் நினைவு வந்தது. இரண்டாவதில் இது வேறு ஊர் என்று நாக்கு சொன்னது. மூன்றாவது தட்டுக்கு நான் எதையும் யோசிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கிணற்றடியில் முகம் கழுவினேன். தோட்டம் சிறியதுதான். ரம்புத்தான் ஒன்று, மா ஒன்று, வேலியோரம் செம்பருத்தி, ஒரு மூலையில் வாழைக் கூட்டம். தேவராஜ் சொன்ன பறவைகள் ஒவ்வொன்றாக, சொன்ன இடத்தில் இருந்தன. செம்பருத்திப் பூவில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கியது. கத்தரிச் செடியில் தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்திருந்தது. பஞ்சை நூலாக்கி இழுத்திருந்த தையலைக் குனிந்து பார்த்தேன். நான் போடும் தையலைவிட நன்றாக இருந்தது. கிணற்றுத் தூணின் உச்சியில் கருப்பும் வெள்ளையுமாக ஒரு குண்டுக்கரிச்சான். இங்கே அதை முராய் என்கிறார்கள். வாலை நிமிர்த்திக்கொண்டு, ஊரெல்லாம் தன்னுடையது என்பதுபோல் பாடியது.

என்னை அறியாமல் விசிலடித்தேன். மூன்று சுரம் இறங்கும், ஒன்று ஏறும், அந்தரத்தில் நிற்கும். முகாமில் தேவராஜ் தினமும் விடியலில் அடித்த விசில் அது. அவன் அப்பா இந்த முராய்க்கு அடித்ததாம். அவன் அடிப்பான், நான் திருப்பி அடிப்பேன். இரண்டு பேரும் உயிரோடு எழுந்துவிட்டோம் என்பதற்கு அதுதான் ஆஜர். அவன் போன பிறகும் என் வாய் அதை விடவில்லை.

முராய் பதில் பாடியது. பின்னால் வாளி விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினேன். மீனாட்சி ஈரத்தில் நின்றாள்.

"கை வழுக்கிடுச்சு," என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கடுத்த நாள் அவளே என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். லிம்போங்கான் பக்கம் தென்னைகளைத் தாண்டினால் சேறு, அதற்கப்பால் அலையில்லாத கடல். கத்தரிக்கோல்போல் பிரியும் பெரிய வலைகளைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் மார்பளவு தண்ணீரில் நடந்தார்கள். பெலாச்சானுக்கான பொடி இறால் அதில்தான் விழும். அதை வாங்கத்தான் அவள் வருவது.

"தண்ணி ஏறும்போது வரணும்," என்றாள். "கடல் அதுகளைக் கரைக்குத் தள்ளிக்கிட்டு வரும். நாம சும்மா நின்னா போதும்."

சும்மா நின்றோம். உப்புக்கொத்திகள் ஓடி நின்று, ஓடி நின்று, தந்தி அடிப்பதுபோல் வந்தன. உள்ளான்கள் வாலை ஆட்டிக்கொண்டு சேற்றைக் குத்தின. செங்கால் உள்ளான் ஒன்று எங்களைக் கண்டதும் ஊருக்கே கேட்கும்படி கத்திக் காட்டிக்கொடுத்தது. எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள்.

"எங்கள் ஊரிலும் இதெல்லாம் வரும். குளிர்காலம் முழுக்க இருக்கும்," என்றேன்.

"பார்த்துக்கிட்டே இருப்பீங்களா?"

"கண்ணி வைத்துப் பிடிப்போம். உள்ளான் வறுவல் நன்றாக இருக்கும்."

அவள் சட்டென்று என்னையும் உள்ளானையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவர் காதில விழுற மாதிரி பேசாதீங்க, அண்ணே," என்று உள்ளானைக் காட்டினாள்.

அப்போதுதான் இங்கே கெண்டி என்று சொல்லும் பறவை வந்தது. கோழி அளவு, தவிட்டு நிறம், கீழ்நோக்கி வளைந்த நீள மூக்கு. ஒரு நண்டைப் பிடித்தது. உதறி உதறிக் கால்களைப் பிய்த்தது. பிறகு நாலடி நடந்துபோய், தேங்கிய தண்ணீரில் நண்டை முக்கி அலசி எடுத்து விழுங்கியது.

இதை முகாமில் தேவராஜ் சொன்னபோது பரண் முழுக்கச் சிரித்தோம். "பறவை சாப்பாட்டைக் கழுவித் தின்னுமாம்! கையும் துடைச்சுக்குமாடா?" என்று கேட்டவன் நான்தான். அவன் கோபித்துக்கொண்டு ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. சேற்றில் நின்றபடி மனதுக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்க அண்ணன் இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க," என்றாள் மீனாட்சி, கெண்டியையே பார்த்துக்கொண்டு.

"சில பேர் அப்படித்தான்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவன் வேலுவும் சேர்ந்துகொண்டான். துறைமுக ஆபீசில் கிளார்க். ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விட்டுப்போன தூரக்கண்ணாடி அவனிடம் இருந்தது. "துரை போனாரு, கண்ணாடி நம்மளது. சுதந்திரத்தில எனக்குக் கிடைச்ச பங்கு இதுதான், அண்ணே," என்று என் கையில் கொடுத்தான். ஒரு கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்ததால் எல்லாப் பறவைக்கும் பக்கத்தில் ஒரு மேகம் தெரிந்தது. ஆனாலும் கெண்டியின் தலையில் இருந்த கோடுகளை எண்ண முடிந்தது.

"மீனா, பங்குனி வாக்கில இதெல்லாம் எங்க போகும்?" என்று வேலு கேட்டான்.

"வடக்கே," என்றாள். "அண்ணன் போன பக்கம்."

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேலேயே துடைத்தேன்.

திங்கட்கிழமை மழை. வீடு பொங்கலுக்காகச் சுண்ணாம்பு அடித்துக் கிடந்தது. போகிக்கு இன்னும் இரண்டு நாள். அன்று அவர்கள் பார்ச்சு செய்வார்கள் என்று ஆறுமுகமே சொல்லியிருந்தார். வீட்டில் இறந்துபோனவர்களுக்கு ஆளுக்கு ஓர் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, கும்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்களாம். இறந்தவர்கள் வந்து சாப்பிட்டு முடித்தபின், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்களாம்.

பின்வாசலில் உட்கார்ந்து நனையும் முராயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனாட்சி பக்கத்தில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கினாள். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டில நாலு இலை. தாத்தா, அப்பா, சித்தப்பா, அம்மா. அண்ணன் ஒருத்தர் சயாமுக்குப் போச்சு. வரலை. சண்டை முடிஞ்ச வருஷம் போகிக்கு நான் அண்ணனுக்கும் இலை போட்டுட்டேன். அம்மா வேணாம்னு சொல்லிச்சு. நான்தான் கேக்கலை. வராதவங்க எல்லாரும் போனவங்கதான்னு நெனச்சேன். மறுநாள் பொங்கல் பொங்கறப்ப ஒருத்தர் வந்து, பாங்காக் ஆஸ்பத்திரில தேவராஜைப் பார்த்தேன்னு சொன்னாரு."

உளுந்துத் தட்டைத் தட்டினாள்.

"அது வேற தேவராஜ். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஆனா அம்மா அதை நம்பலை. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு இலை போட்டுட்ட, அதனாலதான் அவன் வீட்டுக்கு வழி மறந்துட்டான்னு சொல்லிச்சு. சாகற வரைக்கும் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கலை. அப்புறம் நான் முடிவு பண்ணிட்டேன். கண்ணால பார்த்தவங்க வந்து சொல்ற வரைக்கும் அஞ்சாவது இலை கிடையாது."

மழை ரம்புத்தானில் கொட்டியது. நான் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிய அந்தப் பாலம் என் கண்முன் நின்றது. அங்கிருந்து இந்த வாசலுக்கு அரைமணி நடை. அந்த அரைமணியை நான் அன்று நடந்திருந்தால் ஒரு தாய் மகள் கையால் தண்ணீர் குடித்திருப்பாள். எத்தனையோ பட்டினி பார்த்திருக்கிறேன், அடி வாங்கியிருக்கிறேன். அந்தப் பின்வாசலில் உட்கார்ந்திருந்ததுபோல் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. அப்போதும் சொல்லவில்லை. மறுநாளும் கடற்கரைக்குப் போய் உப்புக்கொத்திகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

போகியன்று காலையில் மீனாட்சி ஓர் அரிவாளை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே, இலை அறுத்துக் குடுங்க."

வாழைக் கூட்டத்தடியில் போய் நின்றேன். பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: "எத்தனை?"

"நீங்கதான் சொல்லணும்," என்றாள்.

அரிவாளைத் தாழ்த்திக்கொண்டேன்.

"வந்த மறுநாளே எனக்குத் தெரியும். அப்பா அந்த விசிலை முடிப்பார். ஏறி, கடைசியில ஒண்ணு இறங்கும். அதை முடிக்காம அந்தரத்தில விடுறது அண்ணன் ஒருத்தர்தான். நீங்களும் அங்கதான் விட்டீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான்."

நான் சொன்னேன். நின்றுகொண்டே, வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகாமில் வாந்திபேதி வந்தது. வந்தவர்களை ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசையில் கொண்டுபோய்ப் போடச் சொல்லி உத்தரவு. தேவராஜுக்கு வந்தபோது தூக்க யாரும் வரவில்லை. நான் முதுகில் சுமந்து போனேன். ஒரு மைல் இருக்கும். போகிற வழியெல்லாம், பிண்டாங்கில் புளி கூட வேண்டும் என்று உளறிக்கொண்டு வந்தான். குடிசையில் இறக்கினேன். அவனுக்கு மூச்சு இருந்தது. கண் என்னைப் பார்த்தது. இருந்தால் எனக்கும் வந்துவிடும் என்று பயம். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

"விடிஞ்சதும் போனேன். வெளியே நின்னு விசிலடிச்சேன். பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். முடிஞ்சிருந்தது. கண்ணை நான்தான் மூடினேன். என் கையாலதான் தீ வச்சேன். இது வேற தேவராஜ் இல்லைம்மா."

முராய் கிணற்றுத் தூணில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. பாடவில்லை. மீனாட்சி கெபாயா நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அஞ்சு அறுங்க," என்றாள்.

அறுத்தேன். ஒன்று கிழிந்தது. அதைப் போட்டுவிட்டு வேறு அறுத்தேன்.

அன்று முழுக்க அவள் அடுப்படியை விட்டு வரவில்லை. வேலு ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் தேங்காய் துருவினான். நடுவில் ஒருமுறை வெளியே வந்து, என் தோளில் கையை வைத்து எடுத்துவிட்டுப் போனான். என் தோளெல்லாம் தேங்காய்ப் பூ.

பிற்பகலில் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து ஐந்து இலை போட்டார்கள். சோறு, கோழிக்கறி, சம்பல், முட்டை, பணியாரம். அப்பாவுக்கு ஒரு சுருட்டு. அம்மா இலைப் பக்கம் ஒரு செம்புத் தண்ணீர். அதை மீனாட்சி தானே கொண்டுவந்து வைத்தாள். ஐந்தாவது இலையில் மீன் பிண்டாங். கிட்டப் போகும்போதே புளி வாசம் மூக்கில் ஏறியது.

கும்பிட்டோம். சூடம் அணைந்தது. கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் வாசல் மாமரத்தடியில் நின்றோம். பக்கத்து வீட்டுக் கூண்டில் ஒரு புறா கூவிக்கொண்டிருந்தது. கடற்கரைப் பக்கமாகக் கெண்டிகள் ஒரு வரிசையாகப் போயின. தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். யாரும் தூரக்கண்ணாடியைத் தேடவில்லை.

வேலு கதவுப் பக்கம் நகர்ந்தான். மீனாட்சி அவனைத் தடுத்தாள்.

"அண்ணன் தட்டட்டும்," என்று என்னைக் காட்டினாள்.

சாத்திய கதவுக்கு வெளியே இரண்டாவது முறையாக நின்றேன். மூன்று தடவை தட்டினேன். கொஞ்சம் பொறுத்துத் திறந்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. சாம்பிராணிப் புகை மட்டும் தாழ்ந்து, இலைகளின்மேல் படிந்திருந்தது.

படைத்ததை வீட்டார் சாப்பிட வேண்டும். அதுவும் முறைதான். மீனாட்சி ஐந்தாவது இலையை இரண்டு கையாலும் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். நான் தயங்கினேன்.

"எங்க அண்ணனை ஒரு மைல் சுமந்தீங்க," என்றாள். "சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். புளி கொஞ்சம் கூடத்தான் இருந்தது.